சக்களத்திக் கத்திகள்

14. கேட்கிற நாள்

அந்த மாத்திரை அட்டை சிட்டுவின் கையில் சிக்கி ஒரு வாரம் ஆகியிருந்தது.

இந்த ஒரு வாரமும் அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. வழக்கம்போல மருந்துக்கடைக்குப் போனாள். வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு கவுண்டரில் நின்றாள். கைநடுக்கத்துக்கு மருந்து வாங்க வருகிறவர்களிடம், "சாப்பாட்டுக்கு முன்னாடி போடுங்க, நேரம் தவறாம போடுங்க" என்று சொன்னாள். அதே மாத்திரைதான் அவள் வீட்டு இழுப்பறையில், பச்சைக் கம்பளித் துணிக்கு அடியில், ஒரு கத்தியின் கீழே ஒளிந்துகொண்டிருந்தது.

அது அவள் கடையில் வாங்கியது இல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு கடையில் வாங்கியிருக்கிறார் மனிதர். பெண்டாட்டி மருந்தாளுநர் என்பதாலேயே ஊரைச் சுற்றிப் போயிருக்கிறார்.

அவள் வீட்டுக்காரருக்குத் தொழில் பல்செட் செய்வது. மெழுகில் பல்லைச் செதுக்கி, அச்செடுத்து, மெருகேற்றி, பொக்கை வாயில் உட்கார வைக்கிற வேலை. ஆனால் அவரைத் தெரிந்தவர்கள் யாரும் பல்லைச் சொல்லி அவரைக் கூப்பிடுவதில்லை. 'அலகு சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். பழைய மடக்குக் கத்திகளைச் சேர்ப்பது அவருக்குப் பைத்தியம். அதிலும் ஒரே கைப்பிடிக்குள் மூன்று, நான்கு, ஐந்து என்று மடிந்து கிடக்கிற கத்திகள்தான் வேண்டும். யாராவது அதைப் பார்த்து "எத்தனை பிளேடு?" என்று கேட்டுவிட்டால் போதும், "பிளேடு சவரத்துக்கு. இது அலகு" என்று பாடம் எடுத்துவிடுவார்.

சிட்டு அந்தக் கத்திகளுக்கு வைத்த பெயர் வேறு. "என் சக்களத்திங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை அவற்றுக்கு எண்ணெய் போட்டுத் துடைப்பார். கல்யாணமான புதிதில் அவள் தலைக்கு எண்ணெய் வைக்கச் சொன்னபோது கைவலி என்றவர்தான். சக்களத்திகளில் ஒருத்தியை மட்டும் சிட்டுவுக்குப் பிடிக்கும். அந்தக் காலத்து டாக்டர்கள் வைத்திருந்த கத்தி அது. ஒல்லியான அலகு, கைப்பிடியின் அடிப்பாகம் மாத்திரையைப் பொடிப்பதற்காகத் தட்டையாக இருக்கும். போன வாரம் அதைக் கையில் எடுத்துப் பார்க்கலாம் என்று இழுப்பறையைத் திறந்தபோதுதான் அட்டை கண்ணில் பட்டது.

அதன் பிறகு எல்லாமே புரிய ஆரம்பித்தது. டீயைத் தட்டில்லாமல் வெறும் குவளையில் கேட்டது ஏன். சட்டைப் பொத்தானை அவள் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு போட்டது ஏன். கட்டை விரலில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து, "தக்காளி நறுக்கும்போது பட்டுடுச்சு" என்று சொன்னது ஏன். ஜென்மத்தில் தக்காளி நறுக்கியவரா அவர்?

அவராகச் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். அவர் சொல்லவில்லை. இன்றைக்குக் கேட்கிற நாள் வந்துவிட்டது.

*

கத்திக்காரர்கள் வருடத்துக்கு ஒருமுறை கூடுகிற நாளுக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் அது. அவரவர் தங்கள் புதுக் கத்தியை எடுத்து வந்து, சபை நடுவில் நின்று, ஒவ்வொரு அலகாகத் திறந்து மூட வேண்டும். மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள். உள்ளேயிருக்கும் ஸ்பிரிங் நல்லதாக இருந்தால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். அதற்கு முன்னும் பின்னும் எதுவும் கேட்கக் கூடாது.

இதற்கெல்லாம் சிட்டு ஒரு தடவைகூடப் போனதில்லை. அதனால்தான் காலையில் அவள், "நானும் வரேங்க" என்றதும் அவர் கையிலிருந்த சீப்பு அப்படியே நின்றது.

"நீயா? உனக்கு அங்க என்ன வேலை?"

"சக்களத்தி வீட்டுக்கு வர்றா. நான் போய்ப் பார்க்க வேணாமா?"

அவர் சிரிக்க முயன்றார். "போரடிக்கும் சிட்டு. எல்லாம் கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருப்பாங்க."

"எனக்கும் கண்ண மூடத் தெரியும்."

அதற்குமேல் தடுக்க அவருக்குக் காரணம் கிடைக்கவில்லை. வாசலில் கார் வந்து நின்றது. மகள் பாப்பா வந்திருந்தாள். பாப்பா என்றால் சின்னக் குழந்தை இல்லை. கல்யாணமாகித் தனிக்குடித்தனம் இருப்பவள். ஊருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். வீட்டில் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

"அப்பா, நானே உங்களைக் கூட்டிட்டுப் போறேன். ஏறுங்க" என்றாள்.

"நான் ஓட்டிக்குவேனே. உனக்கு இன்னைக்கு கிளாஸ் இல்லையா?"

"லீவு போட்டுட்டேன்."

"மாப்பிள்ளை வரலையா?" என்று கேட்டாள் சிட்டு.

"அவருக்கு வேலை." பாப்பா கண்ணாடியைச் சரி செய்தாள். "பெல்ட் போடுங்கப்பா."

பெல்ட்டின் கொக்கி அதன் வாயில் சேரவில்லை. இரண்டு தரம் பக்கத்தில் இடித்தது. பின்சீட்டிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த சிட்டு, பாப்பா பார்க்கிறாளா என்று பார்த்தாள். பாப்பாவின் கண் சாலையில் இருந்தது. அவள் மனசு அந்தச் சாலையிலும் இல்லை போலிருந்தது.

*

மேஜை நாற்காலி விற்கிற ஒரு கடையின் மாடியில் கூட்டம். தெருச் சத்தம் வராமல் ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். விற்காமல் தங்கிப்போன சோபாக்களில் கத்திக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சிலவற்றில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. யார் அசைந்தாலும் கரகரவென்று சத்தம். தலைமை தாங்கியவர் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பழக்க தோஷம், அடுத்தவரைக் கூப்பிடுவதற்குக் கையைக் கொடி மாதிரி ஆட்டினார்.

பாப்பா காரை நிறுத்த இடம் தேடிப் போயிருந்தாள்.

"அலகு சார் சம்சாரமா? வாங்க வாங்க" என்று ஒரு பெண்மணி சிட்டுவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையெல்லாம் தழும்பு, நகங்களில் கறுப்பு. எல்லோரும் பட்டறை அக்கா என்று கூப்பிடுகிற அவள்தான் அவருடைய புதுக் கத்தியைச் செய்து கொடுத்தவள். "இவரு என்னைப் படுத்தின பாடு இருக்கே. ஸ்பிரிங்க மட்டும் மூணு தடவை பிரிச்சுட்டேன். சத்தம் பத்தல, சத்தம் பத்தலன்னு."

"வீட்ல சத்தமே போட மாட்டாரே" என்றாள் சிட்டு.

"எல்லாத்தையும் இங்க கேட்டு வாங்கிக்கறாரு போல."

பட்டறை அக்கா மடியிலிருந்த பெட்டியைத் திறந்து காட்டினாள். சிட்டு தன்னையறியாமல் குனிந்தாள். உள்ளங்கையில் அடங்குகிற கத்தி. கைப்பிடி தந்தம் மாதிரி, இல்லை, பல் மாதிரி இருந்தது. பல்லேதான். பல்செட்டுக்கு வார்க்கிற அதே பொருளில் அவரே வார்த்து, அவரே மெருகேற்றிக் கொடுத்தது. வீட்டு மொட்டை மாடியில் அவர் அதைத் தேய்த்துக்கொண்டிருந்தது அவளுக்கு நினைவிருந்தது. அப்போது கை நன்றாக இருந்தது.

"உள்ள அஞ்சு அலகு" என்றாள் பட்டறை அக்கா. "இது பெருசு. இது நுனி சரிஞ்சது. இது ஆட்டுக்குளம்பு மாதிரி மொண்ணை நுனி. பென்சில் சீவுறதுக்கு ஒண்ணு. கடைசியா தோல்ல ஓட்டை போடற ஊசி. அஞ்சும் அஞ்சு சத்தம் போடும், கேளுங்க."

ஸ்டேஷன் மாஸ்டர் கையை ஆட்டினார். அலகு சார் எழுந்தார்.

பெட்டியிலிருந்து கத்தியை எடுத்துக்கொண்டு நடுவில் போய் நின்றார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். சிட்டு மூடவில்லை.

முதல் அலகைத் திறக்க அவர் கட்டை விரல் நகத்தை அதன் பள்ளத்தில் வைத்தார். நகம் நழுவியது. மறுபடி வைத்தார். இப்போது கையே கத்தியை விட்டு விலகிப் போய்த் திரும்பி வந்தது. அவர் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார். பிடித்தால் திறப்பது எப்படி? விட்டார். பல் நிறக் கைப்பிடி அவர் மோதிரத்தில் பட்டு டக்டக்கென்று தட்ட ஆரம்பித்தது.

கண்ணை மூடியிருந்தவர்களுக்கு அந்தச் சத்தம்தான் கேட்டது. ஒருவர் புருவத்தைச் சுருக்கினார். இன்னொருவர் ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு எல்லோரும் திறந்தார்கள்.

சிட்டுவுக்கு எழுந்து ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. எழுந்தால் அவர் மானம் போகும். உட்கார்ந்திருந்தால் மட்டும் என்ன, இருக்கவா போகிறது?

"ஸ்பிரிங் கொஞ்சம் கெட்டியா இருக்கு" என்றார் அவர், யாரையும் பார்க்காமல். "அப்புறமா பார்ப்போம்." கத்தியைப் பெட்டியில் வைத்துவிட்டு நேரே கதவைத் திறந்து வெளியே போய்விட்டார்.

பட்டறை அக்காவின் முகம் சுருங்கிப் போனது. "நான் சரியாத்தானே வெச்சேன். காலையில கூட நாலு தடவை திறந்து பார்த்தேனே" என்று முணுமுணுத்தாள்.

"உங்க மேல தப்பில்லைங்க" என்றாள் சிட்டு. அவள் மடியிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டு எழுந்தாள்.

*

அவர் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மெத்தைச் சுருள்களைச் சுவரோடு சாய்த்து வைத்திருந்தார்கள். சிட்டு ஒரு படி கீழே இறங்கி, அவர் முகம் தெரிகிற மாதிரி உட்கார்ந்தாள்.

"இந்தக் கழுதைங்களை எல்லாம் குடுத்துடலாம்னு இருக்கேன்" என்றார். "ஸ்டேஷன் மாஸ்டர் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருக்காரு. அவரே வெச்சுக்கட்டும். உனக்கும் சக்களத்தி தொல்லை விட்டுச்சு."

"காலைல மாத்திரை போட்டீங்களா?"

அவர் தலை நிமிர்ந்தது.

"எப்பத்துலேர்ந்து தெரியும்?"

"போன வாரம்."

"போன வாரமேவா?" அவர் குரல் உயரவில்லை. ஆனால் அதில் கோபம் இருந்தது. "தெரிஞ்சும் என்னை அங்க போய் நிக்க விட்டியா? அத்தனை பேர் முன்னாடி?"

"நடுங்கும்னு தெரிஞ்சும் நிக்கப் போனது நீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் விட்டிருப்பேனா? தினம் டீ குடுக்கும்போது இன்னைக்குச் சொல்லுவாரு, நாளைக்குச் சொல்லுவாருன்னு மூஞ்சியவே பார்த்துக்கிட்டு நிக்கறேன். நீங்க பேப்பரைத் தூக்கி மறைச்சுக்கறீங்க."

கீழே யாரோ ஒரு மேஜையை இழுக்கிற சத்தம் கேட்டது.

"எத்தனை மாசமா?" என்றாள், இப்போது மெதுவாக.

"மழைக்கு முன்னாடியே ஆரம்பிச்சுது. தூக்கம் சரியில்ல, அதான்னு நினைச்சேன். அப்புறம் நான் செஞ்ச பல்செட் ரெண்டு திரும்பி வந்துது. கடிச்சா ஆடுதுன்னு. என் வேலை திரும்பி வந்ததே கிடையாது சிட்டு. அன்னைக்குத்தான் டாக்டர்கிட்ட போனேன்." தன் கையைப் பார்த்தார். "நடுக்குவாதம்னாரு."

"அதை எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

அவர் மெத்தைச் சுருளின் நூலைப் பிய்த்துக்கொண்டே சொன்னார். "உன்னைக் கடையிலேர்ந்து கூட்டிட்டுப் போக வர்றப்போ நான் வெளிய நின்னு பார்த்திருக்கேன். இந்த மாத்திரை வாங்க யாராவது வந்தா உன் மூஞ்சி மாறும். ரொம்ப கனிவா ஒரு மூஞ்சி வெச்சுக்குவ. பாவம், இவ்வளவுதான் இனிமேங்கற மாதிரி. அந்த மூஞ்சிய எனக்கு வெச்சுடுவியோன்னுதான் சொல்லல."

சிட்டுவுக்குக் கண் நிறைந்துவிட்டது. புடவைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தாள்.

"அது கவுண்டர் மூஞ்சிங்க. கோட்டோட கழட்டி அங்கேயே மாட்டிட்டு வந்துடுவேன். வீட்டு மூஞ்சியத்தான் இத்தனை வருஷமா பார்க்கறீங்களே, அதுல எங்க இருக்கு கனிவு?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பும் அழுகையும் கலந்து மூக்கை உறிஞ்சினார். "அது சரி. அதுல இல்லதான்."

"இனிமே எனக்குத் தெரியாம எதுவும் வேணாம். எனக்கும் அதான், உங்களுக்கும் அதான்."

"சரி."

"வாயால சொல்லுங்க."

"ஒளிவு மறைவு இல்ல. போதுமா?" அவள் மடியிலிருந்த பெட்டியைத் தொட்டார். "கடைசியா சரி பண்ணினப்புறம் இதோட சத்தத்தை நான் இன்னும் கேக்கவே இல்ல, தெரியுமா? மூணு தடவை பிரிச்சுச் செஞ்சுது அந்த அம்மா. பாவம், தன் தப்புன்னு நினைச்சுக்குவாங்க." அவளைப் பார்த்தார். "நீ திறக்கறியா?"

"நானா? எனக்கு என்ன தெரியும்? வெட்டிக்குவேன்."

"மருந்து பாட்டில் மூடிய நாளெல்லாம் திருகற கை அது. என் கையை விட உறுதி. நான் பக்கத்துல நின்னு சொல்றேன்."

*

அவர்கள் இருவரும் சேர்ந்து உள்ளே வந்ததும் பேச்சு நின்றது. சோபா உறைகளின் கரகரப்புகூட நின்றது.

அவர் நடுவில் நின்றுகொண்டார். "கத்தி மேல தப்பில்ல" என்றார். "எனக்கு நடுக்குவாதம் வந்திருக்கு. கை சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது. காது நல்லா இருக்கு. அதனால இவ திறப்பா, உங்களோட சேர்ந்து நானும் கேக்கறேன்."

ஸ்டேஷன் மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கையை ஆட்ட மறந்து, தலையை மட்டும் அசைத்தார்.

அப்போதுதான் சிட்டு கதவுப் பக்கம் பார்த்தாள். பாப்பா நின்றுகொண்டிருந்தாள். கையில் கார் சாவி. அப்பா சொன்னது முழுதும் அவள் காதில் விழுந்திருக்கிறது. முகம் வெளுத்திருந்தது.

"பெருசுலேர்ந்து ஆரம்பி" என்றார் அவர், அவள் காதருகே. "நகத்தைப் பள்ளத்துல வை. இழுக்காத, தூக்கு. பாதி வந்ததும் தயங்காத. தயங்கினா அது உன்னைத்தான் கடிக்கும்."

சிட்டு நகத்தை வைத்தாள். கத்தி முரண்டு பிடித்தது. தூக்கினாள்.

டக்.

அறையில் எங்கேயோ யாரோ 'ம்' என்றார்கள். இரண்டாவது அலகு சுலபமாக வந்தது. மூன்றாவதின் சத்தம் கனமாக, கதவுத் தாழ்ப்பாள் மாதிரி இருந்தது. நான்காவதில் அவள் நகம் பிய்ந்துவிட்டது. பட்டறை அக்கா உதவிக்கு எழுந்தாள்.

"இருங்க, அவ திறப்பா" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே.

சிட்டு அடுத்த விரலால் முயன்றாள். திறந்தது. கடைசி ஊசி மிக மெல்லிய சத்தத்தோடு, நாக்கை மேலண்ணத்தில் தட்டுகிற மாதிரி வந்து நின்றது. அவர் முகத்தைப் பார்த்தாள். வெகு நாளைக்குப் பிறகு அதில் எந்த இறுக்கமும் இல்லை. மூடிய இமைக்குக் கீழே ஈரம்.

"மூடறதுதான் கஷ்டம்" என்றார். "அவசரப்படாத. விரலை அலகோட வழியில வைக்காத."

ஒவ்வொன்றாக மூடினாள். இத்தனை வருடம் திட்டிய ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, இவ்வளவு கவனமாக இதற்கு முன் எதையும் மூடியதில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

*

திரும்பும்போதும் பாப்பாதான் ஓட்டினாள். சிக்னலில் கார் நின்றபோதுதான், "எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் கடைசியில தெரியுது" என்றாள்.

"இல்லடா, உங்கம்மாவுக்கே நான் சொல்லல" என்றார் அவர். "அவளாத்தான் கண்டுபிடிச்சா."

பாப்பா கியரை மாற்றினாள். "இனிமே நீங்க கார் எடுக்கக் கூடாது. வேலைக்கு, டாக்டர்கிட்ட, எங்க போனாலும் நான் கூட்டிட்டுப் போறேன்."

"நீ அங்கேயிருந்து தினம் எப்படி வருவ?"

"தினம் எதுக்கு வரணும்? இங்கேயே தங்கிடறேன். உங்களைப் பார்த்துக்கறேன்."

"மாப்பிள்ளை என்ன சொல்லுவாரு?"

"அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாருப்பா."

அவர் திரும்பி சிட்டுவைப் பார்த்தார். பெருமை தாங்கவில்லை அவருக்கு. "பார்த்தியா, பெத்தா இப்படிப் பெக்கணும். கேட்ட அடுத்த நிமிஷம் ஓடி வர்றா பாரு."

வீடு வந்ததும் அவர் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முதலில் இறங்கி உள்ளே போனார். பட்டறை அக்கா கொடுத்தனுப்பி, பாப்பா வாங்கி உள்ளே வைத்த எண்ணெய்ப் புட்டியை எடுக்கச் சிட்டு டிக்கிப் பக்கம் போனாள்.

"அம்மா, நான் எடுக்கறேன்" என்று பாப்பா அவசரமாகக் கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். அதற்குள் சிட்டு டிக்கியைத் தூக்கிவிட்டாள்.

உள்ளே இரண்டு பெரிய பெட்டிகள். இடம் போதாமல் கம்பளிகளை இடுக்கில் திணித்திருந்தது. மேலாக, துவாலையில் சுற்றிய ஒரு சட்டம். துவாலை விலகியிருந்த மூலையில் பாப்பாவின் பெயர் தெரிந்தது. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதற்காக அவள் வாங்கிய சான்றிதழ். அவள் வீட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்தது.

நாலு நாள் தங்க வருகிற பெண் சுவரில் இருப்பதைக் கழற்றிக்கொண்டு வர மாட்டாள். அதுவும் இல்லாமல், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று இவளுக்குத் தெரிந்தே இரண்டு மணி நேரம்தான் ஆகிறது.

"இதையெல்லாம் எப்ப கட்டின?" என்றாள் சிட்டு.

பாப்பா காரின் மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். "நேத்து."

"மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"தெரியும்." உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அப்பாகிட்ட சொல்லாதம்மா. அவருக்காக வந்தேன்னே இருக்கட்டும். இப்ப இதையும் அவரால தாங்க முடியாது."

உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. குழந்தை மாதிரி உற்சாகமாக இருந்தது அந்தக் குரல்.

"சிட்டு, சீக்கிரம் வா. இன்னொரு தரம் திற. பாப்பா சரியாவே கேட்டிருக்க மாட்டா."

"வரேங்க" என்றாள் சிட்டு.

கை டிக்கியின் மேல் மூடியைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதைச் சாத்தவும் இல்லை, விடவும் இல்லை. மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.